இருவர், ஒரு சைக்கிள்: மலிவான டேண்டம் உங்கள் ஜோடிக்குச் சரிவருமா?

வார இறுதியில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். எப்படியும் ஒரு ஜோடியாவது டேண்டம் சைக்கிளில் தள்ளாடிக்கொண்டே உங்களைக் கடந்துபோகும். முன்னால் இருப்பவர், "நீ மிதிக்கிறியா இல்லையா?" என்பார். பின்னால் இருப்பவர், "நான்தான் மிதிக்கிறேன், நீதான் மிதிக்கல!" என்பார்.

வேடிக்கை என்னவென்றால், இருவருமே பொய் சொல்லவில்லை. அந்த சைக்கிளின் அமைப்பு அப்படி.

நீங்களும் உங்கள் துணையும் ஒரு மாலையில் டேண்டம் எடுத்துப் பார்க்கலாமா என்று யோசிக்கிறீர்களா? அல்லது கேரோசலில் சில நூறு வெள்ளிக்கு ஒரு பழைய டேண்டத்தைப் பார்த்துவிட்டு, "வாங்கிடலாமா?" என்று ஒருவருக்கொருவர் படம் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்களா? முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

ஏன் இந்தச் சண்டை?

டேண்டத்தில் இரண்டு ஜோடி பெடல்கள். முன் பெடலையும் பின் பெடலையும் இடப்பக்கம் ஒரு சங்கிலி இணைக்கிறது. பின் சக்கரத்தைச் சுற்றவைக்கும் சங்கிலி, வழக்கம்போல் வலப்பக்கம். பெரும்பாலான டேண்டம்களில் இதுதான் ஏற்பாடு.

அந்த இடப்பக்கச் சங்கிலிதான் எல்லாவற்றுக்கும் காரணம். முன்னால் இருப்பவரின் கால் சுற்றினால் பின்னால் இருப்பவரின் காலும் சுற்றித்தான் ஆகவேண்டும். அவர் நிறுத்தினால் இவரும் நிறுத்தவேண்டும். ஒருவர் வேகமாக, மற்றவர் மெதுவாக மிதிப்பது நடக்காத காரியம். கால்கள் சுற்றுகின்றன என்பதற்காக அந்தக் கால்கள் சைக்கிளைத் தள்ளுகின்றன என்றும் சொல்லமுடியாது. காலைச் சும்மா பெடல்மீது வைத்திருந்தாலும் அது சுற்றும். யார் எவ்வளவு அழுத்துகிறார் என்பது மற்றவருக்குத் தெரியாது. ஆகவே, மூச்சு வாங்கும்போது இருவருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: நான் மட்டும்தான் உழைக்கிறேன்.

முன்னால் இருப்பவரை ஆங்கிலத்தில் கேப்டன் என்பார்கள். பின்னால் இருப்பவர் ஸ்டோக்கர். நீராவி இன்ஜினில் கரி அள்ளிப் போடுபவருக்கு இருந்த பெயர் அது. பெயரிலேயே கொஞ்சம் அநியாயம் இருக்கிறது. ஹேண்டல், பிரேக், கியர், மணி எல்லாம் பொதுவாகக் கேப்டன் கையில். ஸ்டோக்கரிடம் இருப்பது பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, அது திரும்பாது. அவருக்கு முன்னால் தெரிவது பாதையல்ல, ஒரு முதுகு. நம்ம ஊர் வெயிலில் வியர்வையில் ஊறிய முதுகு. கடற்காற்றைக்கூட அந்த முதுகு மறைத்துவிடும்.

அதனால் டேண்டத்தில் ஏறும்போது உண்மையில் சோதிக்கப்படுவது ஸ்டோக்கரின் நம்பிக்கை. அவரிடம் பிரேக் கிடையாது. எதிரே என்ன வருகிறது என்பதும் அவருக்குத் தெரியாது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற கேப்டனிடம் உள்ள ஒரே கருவி வாய்.

அப்படியென்றால் எதற்கு இந்த வண்டி?

உங்களில் ஒருவர் வாராவாரம் பூங்கா இணைப்புப் பாதைகளில் 40 கிலோமீட்டர் ஓட்டுபவர் என்று வையுங்கள். மற்றவர் கடைசியாக சைக்கிள் ஓட்டியது தொடக்கப்பள்ளியில். ஆளுக்கொரு சைக்கிளில் கிளம்பினால் என்ன ஆகும்? ஒருவர் முன்னால் போய்க் காத்திருப்பார், மற்றவர் பின்னால் மூச்சிரைக்க வந்து சேர்வார், வந்ததும் முன்னவர் மறுபடி கிளம்பிவிடுவார். காத்திருந்தவர் இளைப்பாறியாகிவிட்டது, ஓடிவந்தவருக்கு ஓய்வே இல்லை. மூன்றாவது முறை இது நடக்கும்போது ஒருவருக்கு எரிச்சல், இன்னொருவருக்குக் குற்ற உணர்வு.

டேண்டம் இந்தக் கணக்கை மாற்றிவிடுகிறது. வலுவானவர் நூறு பங்கு உழைக்கலாம், மற்றவர் நாற்பது பங்கு உழைக்கலாம். போகும் வேகம் ஒன்றுதான், பேசும் தூரத்திலேயே இருப்பீர்கள்.

பார்வையற்றவர்களுக்கு இந்த சைக்கிள் இன்னும் பெரிய கதவைத் திறக்கிறது. பாராலிம்பிக் சைக்கிள் பந்தயங்களில் பார்வைக் குறைபாடு உள்ள வீரர்கள் டேண்டத்தில் பின்னால் இருப்பார்கள், பார்வையுள்ள ஒருவர் முன்னால் ஓட்டுவார். அங்கே பதக்கம் இருவருக்கும். ஒலிம்பிக்கிலும் 1972 மியூனிக் போட்டி வரை டேண்டம் விரைவோட்டம் இருந்தது.

சமதரையில் டேண்டம் வேகமாகப் போகும். இரண்டு பேர் மிதிக்கிறார்கள், ஆனால் காற்றைக் கிழித்துக்கொண்டு போவது கிட்டத்தட்ட ஒருவர் உடம்பு மட்டும்தான். ஏற்றத்தில் அந்தச் சலுகை கிடையாது. மொத்த எடையையும் தூக்கிக்கொண்டு ஏறவேண்டும், அதுவும் இருவரும் ஒரே தாளத்தில்.

யார் முன்னால்?

"ஆம்பளைதான் ஓட்டணும்" என்று எந்த விதியும் இல்லை. சைக்கிளை மெதுவாக, ஆடாமல் ஓட்டத் தெரிந்தவர் முன்னால் உட்காரட்டும். இருவரில் கனமானவர் முன்னால் இருந்தால் வண்டியைச் சமாளிப்பது சுலபம். பின்னால் இருப்பவர் அதிகக் கனமாக இருந்து அப்படி இப்படி அசைந்தால் வால் ஆட்டுவதுபோல் வண்டி ஆடும்.

இதில் வாடகை டேண்டம்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. மலிவான மாடல்கள் பெரும்பாலும் ஒரே அளவில்தான் வரும். முன் இருக்கையை ஓரளவுக்குமேல் இறக்க முடியாது. குட்டையானவர் முன்னால் உட்கார்ந்தால், நிற்கும்போது தரையில் கால் ஊன்றச் சிரமப்படுவார். இரண்டு ஆள் எடையையும் தாங்கி நிற்கவேண்டியவர் அவர்தான். ஆகவே, ஓட்டத் தெரிந்தவர் யார் என்பதோடு, முன் கம்பியின் இரு பக்கமும் கால் போட்டுப் பாதம் முழுவதையும் தரையில் பதிக்க முடிகிறவர் யார் என்றும் பாருங்கள்.

ஒருவர் உடம்பில் நடுக்கத்தோடு, "பரவாயில்ல, நான் பின்னால உட்கார்றேன்" என்றால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரைத் தனி சைக்கிளில் வரச்சொல்வது மேல்.

கிளம்புவதும் நிற்பதும்

டேண்டத்தில் விழுபவர்கள் பெரும்பாலும் ஓடும்போது விழுவதில்லை. கிளம்பும் முதல் மூன்று விநாடியிலும் நிற்கும் கடைசி மூன்று விநாடியிலும்தான் விழுகிறார்கள். இருவரும் ஒரே நேரத்தில் ஒரு காலை ஊன்றி, ஒரு காலைப் பெடலில் வைத்து, ஒன்றாகத் தாவி ஏற முயல்வதுதான் காரணம். பார்க்க அழகாக இருக்கும், நடக்காது.

அனுபவசாலிகள் செய்யும் முறை வேறு. கேப்டன் முன்கம்பியின் இரு பக்கமும் காலை அகலமாக ஊன்றி நின்று, இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடிக்கிறார். ஸ்டோக்கர் ஏறி உட்கார்ந்து, இரண்டு காலையும் பெடலில் வைத்துவிடுகிறார். ஆமாம், இரண்டு காலையும். வண்டி நிற்பது கேப்டனின் காலில். பிறகு ஸ்டோக்கர் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, கேப்டன் கிளம்பப் பயன்படுத்தும் பெடலை மேலே கொண்டுவந்து கொடுக்கிறார். இந்த நேரத்தில் கேப்டனின் கால்கள் அகலமாக இல்லாவிட்டால், சுற்றும் பெடல் முழங்காலுக்குக் கீழே எலும்பில் 'டங்'கென்று மோதும்.

கேப்டன் ஒரு காலைப் பெடலில் வைக்கிறார். "போலாமா?" என்கிறார். பின்னாலிருந்து "போலாம்" என்று பதில் வந்த பிறகுதான் பிரேக்கை விட்டு மிதிக்கிறார். பதில் வராவிட்டால் கிளம்பக்கூடாது.

நிற்கும்போது இதையே தலைகீழாகச் செய்யுங்கள். "நிக்கப்போறேன், இடது கால்" என்று சொல்லி, வேகத்தைக் குறைத்து, கேப்டன் காலை ஊன்றுகிறார். ஸ்டோக்கர் இருக்கையைவிட்டு அசையவே வேண்டாம். அவர் உதவிசெய்வதாக நினைத்து மற்றப் பக்கம் காலை ஊன்றினால்தான் வண்டி அந்தப் பக்கம் சாயும்.

ஓடும்போது சொல்லவேண்டிய வார்த்தைகள் மிகக் குறைவு. "பள்ளம்" என்றால் மேடுபள்ளம் வருகிறது என்று அர்த்தம். ஸ்டோக்கர் பின் சக்கரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறார், அவருக்குக் குலுங்குவது கேப்டனுக்குத் தெரியாது. "கியர்" என்றால் இருவரும் ஒரு கணம் அழுத்தத்தைக் குறைக்கவேண்டும். "விடு" என்றால் மிதிப்பதை நிறுத்தவேண்டும். சொல்லாமல் கேப்டன் நிறுத்திவிட்டால், முழு வலுவோடு மிதித்துக்கொண்டிருக்கும் ஸ்டோக்கரின் முழங்காலுக்கு அது சுவரில் உதைத்ததுபோல் இருக்கும். உங்களுக்குள் எந்த வார்த்தை என்பது உங்கள் விருப்பம், ஆனால் ஏறுவதற்குமுன் முடிவுசெய்துவிடுங்கள். "அதோ அந்த, அந்த" என்று கேப்டன் சொல்லி முடிப்பதற்குள் பள்ளம் வந்துவிடும்.

ஸ்டோக்கருக்கும் அதிகாரம் உண்டு. "மெதுவா" என்று அவர் சொன்னால் காரணம் கேட்காமல் வேகத்தைக் குறைக்கவேண்டும். காரணத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம். இந்த ஒரு ஒப்பந்தம் இல்லாமல் ஏறவேண்டாம் என்பது என் கருத்து.

எங்கே தொடங்கலாம்?

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காதான் வசதி. கடலை மேடுறுத்திய நிலம் என்பதால் தட்டையாக இருக்கும், நீளம் 15 கிலோமீட்டருக்குமேல். வாடகைக் கடைகளில் டேண்டமும் கிடைக்கும். ஆனால் சனி, ஞாயிறு மாலையில் அங்கே முதல்முறை ஓட்டுவது நல்ல யோசனையல்ல. சறுக்குக்காலணிப் பிள்ளைகள், திடீரென்று பாதையைக் கடக்கும் பந்து, அதன் பின்னால் ஓடிவரும் குழந்தை என்று அது வேறு உலகம். வாரநாளில் போகமுடிந்தால் போங்கள். இல்லாவிட்டால் காலையில் சீக்கிரம் போங்கள்.

முதல் பத்து நிமிடம் எங்கும் போகவேண்டாம். காலியான அகலமான இடத்தில் கிளம்புவது, நிற்பது, கிளம்புவது, நிற்பது என்று பயிற்சி செய்யுங்கள். பிறகு நேர்ப்பாதை. வளைவுகளில் டேண்டம் நீளமான பேருந்துபோல் நடந்துகொள்ளும், முன் சக்கரம் திரும்பினாலும் பின் சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அகலமாக எடுத்துத் திரும்புங்கள். குறுகலான இடத்தில் யு-டர்ன் போட முயலாமல், இறங்கித் தள்ளித் திருப்புங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

புலாவ் உபினிலும் படகுத்துறையை ஒட்டியுள்ள கடைகளில் டேண்டம் வாடகைக்குக் கிடைக்கிறது. அங்கே கல்லும் மண்ணும் ஏற்ற இறக்கமும் உண்டு. படங்களில் அழகாக இருக்கும். இரண்டாவது அல்லது மூன்றாவது முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விதிகளைப் பொறுத்தவரை, சைக்கிள் பாதையிலும் பகிர்வுப் பாதையிலும் மணிக்கு 25 கிலோமீட்டர்தான் உச்ச வேகம், நடைபாதையில் 10. சைக்கிள் பாதைக்கு அருகிலேயே தனி நடைபாதை இருந்தால், 2025 ஜூலை முதல் அந்த நடைபாதை நடப்பவர்களுக்கு மட்டுமே. சாலையில் ஓட்டினால் தலைக்கவசம் கட்டாயம். டேண்டம் புதிதென்றால் சாலைப் பக்கமே போகவேண்டாம், பாதையில் ஓட்டும்போதும் இருவரும் தலைக்கவசம் போடுங்கள்.

மலிவான டேண்டத்தில் எது குறையும்?

டேண்டத்துக்கென்றே செய்யப்பட்ட தரமான வண்டி பல ஆயிரம் வெள்ளி. மலிவானது அதில் சிறு பகுதிதான். அந்த வித்தியாசம் எங்கே போகிறது?

கொஞ்சம் எடையில் போகிறது. கனமான எஃகுச் சட்டம், 20 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். இருவரும் அழுத்தி மிதிக்கும்போது அந்த நீளமான சட்டம் லேசாக வளைந்து நெளிவதை உணர்வீர்கள். பூங்காவில் ஓட்ட இதெல்லாம் பெரிய குறையில்லை. ஸ்டோக்கருக்கு இடம் நெருக்கமாக இருக்கும், முதுகு வலிக்கலாம். அதுவும் ஒரு மணி நேரத்துக்குத் தாங்கும்.

பிரேக் விஷயம் அப்படியல்ல. ஒரு கணக்கு போடுவோம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 15 கிலோ சைக்கிளில் போனால் பிரேக் நிறுத்தவேண்டியது 85 கிலோ. தலா 65 கிலோ எடையுள்ள இருவர் 22 கிலோ டேண்டத்தில் போனால் 152 கிலோ. ஏறத்தாழ 1.8 மடங்கு. மலிவான வண்டியில் இருப்பதோ தனி சைக்கிளுக்கான அதே ரப்பர் பிரேக். பின் பிரேக்கின் கம்பிவடம் வண்டியின் நீளத்துக்கு ஓடுவதால் அழுத்தினால் சொதசொதவென்று இருக்கும், பிடிப்பது தாமதமாகத் தெரியும். பாதி வேகத்தில் போனால் பிரேக் விழுங்கவேண்டிய ஆற்றல் கால்வாசியாகக் குறைந்துவிடும். ஆகவே, மெதுவாகப் போவதுதான் இந்த வண்டிக்குச் சிறந்த பிரேக்.

இரண்டாவது, பின் சக்கரம். ஸ்டோக்கரின் எடை அதன்மீது நேராக இறங்குகிறது. நல்ல டேண்டம்களில் 40, ஏன் 48 கம்பிகள்கூட இருக்கும். மலிவானவற்றில் சாதாரண 36 கம்பிச் சக்கரமே இருப்பது வழக்கம். ஒரு கம்பி அறுந்தால் மற்றவைமீது பாரம் கூடும், அப்புறம் ஒவ்வொன்றாகப் போகும்.

அதனால் வாடகைக்கு எடுக்கும்போதே இரண்டு நிமிடம் செலவிடுங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் சரி. இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னால் தள்ளிப் பாருங்கள், சக்கரம் உருளக்கூடாது. பொதுப் பாதையிலும் சாலையிலும் ஓட்டும் சைக்கிளில் வேலைசெய்யும் கைப்பிரேக் ஒன்றாவது இருக்கவேண்டும் என்பது 2021 செப்டம்பர் முதல் இங்கே சட்டம். டேண்டத்துக்கு ஒன்று போதாது, இரண்டும் பிடிக்கவேண்டும். பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, அது கோணலாக ஆடுகிறதா என்று பாருங்கள். கம்பிகளை இரண்டிரண்டாக அழுத்துங்கள், ஒன்று மட்டும் தொளதொளவென்று இருந்தால் வேறு வண்டி கேளுங்கள். இடப்பக்கச் சங்கிலி தொங்கக்கூடாது. பிறகு, பலரும் மறக்கும் ஒன்று: ஸ்டோக்கரின் பிடிகம்பி. அது கேப்டனின் இருக்கைத் தண்டில் பொருத்தப்பட்டிருக்கும். இரு கையாலும் பிடித்து முறுக்குங்கள். திரும்பினால் வேண்டாம்.

எம்ஆர்டியில் ஏற்றிவிடலாம் என்ற நினைப்பும் வேண்டாம். ரயிலில் அனுமதிக்கப்படுவது மடக்கு சைக்கிள் மட்டுமே, அதுவும் 120 செண்டிமீட்டர் நீளத்துக்குள். பாதி வழியில் சங்கிலி அறுந்தால் இருவரும் தள்ளிக்கொண்டுதான் வரவேண்டும்.

வாங்கலாமா?

விக்டோரியா காலத்திலேயே டேண்டம் என்றால் காதலும் காசில்லாமையும்தான். ஹேரி டாக்கர் 1892இல் எழுதிய 'டெய்சி பெல்' பாட்டில், குதிரை வண்டி வாங்க வசதியில்லாத காதலன் அதற்குப் பதிலாக இருவர் சைக்கிளைக் காட்டித்தான் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்கிறான். 1961இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஒரு ஐபிஎம் 704 கணினியைப் பாடவைத்தபோது அது பாடியதும் அந்தப் பாட்டைத்தான். '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' பார்த்திருந்தால், அணையும் நேரத்தில் அந்தக் கணினி முனகும் பாட்டு நினைவிருக்கும்.

டெய்சியின் காதலனுக்கு வீவக வீடு இல்லை என்பது முக்கியம்.

மூன்று முறையாவது வாடகைக்கு எடுத்து ஓட்டிய பிறகு வாங்குவதைப் பற்றி யோசியுங்கள். முதல்முறை எல்லாருக்கும் சிரிப்பாக இருக்கும். மூன்றாவது முறையும் கிளம்பத் தோன்றுகிறதா, அதுவும் இருவருக்கும் தோன்றுகிறதா என்பதுதான் கேள்வி. ஒருமுறையேனும் உணவங்காடி வரை போய், சாத்தே சாப்பிட்டுவிட்டு, வயிறு நிறைந்த நிலையில் எதிர்காற்றில் திரும்பி வந்து பாருங்கள். பேசிக்கொண்டே வந்தால் சரி.

பழைய வண்டி வாங்கினால், விலையோடு இன்னும் இரண்டு செலவைச் சேர்த்துக் கணக்கிடுங்கள்: புதிய பிரேக் கட்டைகளும் வடமும், பின் சக்கரத்தை ஒரு கடையில் சரிபார்த்து இறுக்கும் கூலியும். டிஸ்க் பிரேக் உள்ள வண்டி கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம். கூடுதல் கியர், புதுப் பெயின்ட், மெத்தை இருக்கை எதற்கும் கூடுதல் காசு தரவேண்டாம்.

கடைசியாக இடம். ஒரு டேண்டம் ஏறத்தாழ 2.4 மீட்டர் நீளம். தாழ்வாரத்தில் வைத்தால், தீ விபத்து நேரத்தில் ஆட்கள் வெளியேற 1.2 மீட்டர் வழி விடவேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. கீழ்த்தளச் சைக்கிள் நிறுத்துமிடத்தில் வைத்தால் அடுத்தவர் இடத்தையும் சேர்த்து அடைக்கும், மழையில் சங்கிலி துருப்பிடிக்கும். வீட்டுக்குள் என்றால், வரவேற்பறைச் சுவர் ஒன்று முழுதும் போய்விடும். அதற்குமுன் வண்டி உங்கள் மாடிக்கு வந்து சேரவேண்டும். விற்பவருக்கு "இன்னும் இருக்கா?" என்று செய்தி அனுப்புவதற்குமுன், ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் உங்கள் புளோக் மின்தூக்கியின் உள்நீளத்தையும் உயரத்தையும் இருவருமாக அளந்துவிட்டு வாருங்கள்.